முதல் நாளே சறுக்கியவர்கள்: மாற்று குவார்ட்டர்பேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதி இதைப் பற்றியதாகத்தான் இருக்கிறது: "இவ்வளவு பணம் புழங்கும் என்எஃப்எல் லீக்கில், முதல் ஆள் காயம்பட்டால் இறங்கும் இரண்டாம் ஆள் ஏன் இப்படி ஆடுகிறார்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

குவார்ட்டர்பேக் என்பவர் யார்? அவர் தடுமாறினால் மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். தாக்கி ஆடும்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேருவது குவார்ட்டர்பேக்கின் கையில்தான். அதை அவர் எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். எறிந்த பந்தை எதிரணிக்காரர் பிடித்துவிட்டால் அது இடைமறிப்பு. பந்து கைமாறிவிடும்.

கிரிக்கெட்டில் முதல் ஆட்டம் ஆடும் பேட்ஸ்மேன் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தால் ஓய்வறைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐந்து நிமிடம் கழித்து அதே கூட்டத்தின் முன்னால் மறுபடியும் வந்து நின்று, மறுபடியும் பந்தை எறிய வேண்டும்.

மாற்று ஆளும் வாரம் முழுக்கப் பயிற்சி எடுப்பவர்தானே?

எடுக்கிறார். என்ன பயிற்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சீசன் நடக்கும் வாரங்களில், தொடக்க அணியோடு சேர்ந்து ஆடிப் பார்க்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட முழுவதும் முதல் குவார்ட்டர்பேக்குக்கே போய்விடும். இரண்டாமவருக்குத் தருகிற வேலை வேறு: வரும் ஞாயிறு எதிர்த்து ஆடப்போகும் அணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடிப்பது. தன் அணியின் தடுப்பு ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்வதற்காக அவர் எதிரணியின் உத்திகளை ஆடிக் காட்டுவார். ஒரு வாரம் ஒருவர் வேடம், மறுவாரம் இன்னொருவர் வேடம். திடீரென்று ஒரு ஞாயிறன்று, "இன்று நீ நீயாகவே ஆடு" என்று அனுப்பினால் அவர் என்ன செய்வார்?

2011இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் லீக்குக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, முழு உடற்காப்புகளோடு நடக்கும் பயிற்சி ஒரு சீசனுக்கு 14 தடவைதான். ஆட்டக்காரர்களின் உடம்புக்கு அது நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் வெட்டு முதலில் விழுந்தது இரண்டாம் ஆளின் பங்கில்தான்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பந்தைப் பின்னால் தரும் சென்டருக்கு இவருடைய குரலின் ஏற்ற இறக்கம் பழகியிருக்காது. பந்து பிடிப்பவருக்கு இவர் எறியும் வேகம் கையில் பதிந்திருக்காது. தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு ரேடியோ வழியாகப் பயிற்சியாளர் அடுத்து ஆட வேண்டிய நகர்வைச் சொல்வார். 1994இல் வந்த வசதி இது. அந்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்த ரேடியோ தானாக அறுந்துவிடும். பழகியவருக்கு அந்த 15 நொடி தாராளம். புதியவருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. எதிரணி வரிசையில் யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று அவரே பார்த்து, அவரே முடிவெடுத்து, மற்றப் பத்துப் பேருக்கும் கத்திச் சொல்ல வேண்டும்.

தொடக்க ஆளாக இறங்கிய முதல் ஆட்டங்களில் மிக மோசமானது என்று எதைச் சொல்வீர்கள்?

தயக்கமே இல்லை. 2017 நவம்பர் 19, பஃபலோ பில்ஸ் அணியின் நேதன் பீட்டர்மன்.

கதை ஒரு வாரம் முன்னதாகவே தொடங்குகிறது. நவம்பர் 12 அன்று பில்ஸ் தன் சொந்த மைதானத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 47-10 என்று உதை வாங்கியது. தோல்வி உறுதியாகிவிட்ட கடைசி நேரத்தில் டைரோட் டெய்லரை வெளியே எடுத்துவிட்டு, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஐந்தாம் சுற்றில் வந்த புதுமுகம் பீட்டர்மனை இறக்கினார்கள். அவர் 10 எறிதல்களில் 7ஐத் தன் அணியினர் கையில் சேர்த்து, ஒரு டச் டவுனும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்து எடுக்கும் 6 புள்ளி) எறிந்தார். வென்றுவிட்ட அணி பாதி வேகத்தில் ஆடும் நேரத்தில் கிடைத்த எண்கள் அவை; கல்யாணப் பந்தி முடிந்த பிறகு பரிமாறுபவரை வைத்துச் சமையலை எடை போடுவது மாதிரி. பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட் அதை எடை போட்டார். இத்தனைக்கும் பில்ஸ் அப்போது 5 வெற்றி 4 தோல்வி என்று, சீசன் முடிந்ததும் நடக்கும் வெளியேற்றுச் சுற்றான பிளே ஆஃப்புக்குத் தகுதிபெறும் இடத்தில் இருந்தது. டெய்லருக்குக் காயமும் இல்லை. இருந்தும் அடுத்த ஆட்டத்துக்கு பீட்டர்மன்தான் தொடக்க ஆள் என்று அறிவித்தார்.

எதிரே லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸ். இரண்டு விளிம்புகளிலும் ஜோயி போசா, மெல்வின் இங்ராம் என்று குவார்ட்டர்பேக்குகளை விரட்டியே பெயர் வாங்கிய இருவர். முதல் பாதி முடிவதற்குள் பீட்டர்மன் ஐந்து இடைமறிப்புகள் கொடுத்துவிட்டார். முதல் பாதி மட்டும்தான் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். 14 எறிதல், 6 சேர்ந்தது, 66 கெஜ முன்னேற்றம், 5 எதிரணியின் கையில். அவர் எறிந்ததைத் தன் அணிக்காரர்கள் பிடித்ததற்கும் எதிரணிக்காரர்கள் பிடித்ததற்கும் ஒன்றுதான் வித்தியாசம். இடைவேளையில் 37-7. இரண்டாம் பாதிக்கு டெய்லர் திரும்ப வந்தார். ஆட்டம் 54-24 என்று முடிந்தது.

அது முழுக்க பீட்டர்மனின் தவறுதானா?

முதல் இடைமறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து தன் அணியின் பேட்ரிக் டிமார்கோவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கையில் பட்டுத் தெறித்ததை எதிரணியின் கோரி டூமர் பிடித்து ஓடி டச் டவுன் போட்டுவிட்டார். கணக்கேட்டில் அது பீட்டர்மன் பெயரில்தான் ஏறும். அவரைக் காக்க வேண்டிய முன்வரிசை தடுமாறி விரட்டுபவர்கள் உள்ளே புகுந்ததற்கும் ஏட்டில் தனிக் கட்டம் கிடையாது.

பிறகு அந்த முடிவை எடுத்தவர். என் கோபம் பெரும்பாலும் அவர் மீதுதான். காயம் காரணமாக வேறு வழியின்றி ஒருவரை இறக்குவது வேறு. இங்கே நன்றாக இருந்த ஆளை உட்காரவைத்துவிட்டு, லீக்கின் கடுமையான விரட்டுபவர்கள் முன்னால் ஒரு புதுமுகத்தை நிறுத்தினார்கள். அடுத்த வாரம் டெய்லரே திரும்ப ஆடினார், கன்சாஸ் சிட்டியை 16-10 என்று வென்றார்கள். அந்த சீசன் பில்ஸ் 9 வெற்றி 7 தோல்வி என்று முடித்து, 1999க்குப் பிறகு முதன்முறையாகப் பிளே ஆஃப்புக்குள் நுழைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பயிற்சியாளரின் பெயர் கெடவில்லை. பீட்டர்மன் பெயர் மட்டும் கேலிச் சொல்லாக ஒட்டிக்கொண்டது.

இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: அவர் பின்னாலும் மீளவில்லை. 2018 சீசனின் முதல் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பு மறுபடியும் அவரிடம் வந்தது. பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக 18 எறிதலில் 5, மொத்தம் 24 கெஜம், இரண்டு இடைமறிப்பு. 47-3 தோல்வி. அன்று அவருக்குப் பதிலாக இறங்கிய புதுமுகத்தின் பெயர் ஜாஷ் ஆலன், பின்னாளில் பில்ஸின் நட்சத்திரம். அதற்கு மேல் பஃபலோ ரசிகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அந்த நவம்பரிலேயே பீட்டர்மனை விடுவித்துவிட்டார்கள். பின்னர் வேறு அணிகளில் மாற்று ஆளாக இருந்து, 2023 ஜனவரியில் சிகாகோ பேர்ஸுக்காக ஓர் ஆட்டம் தொடங்கினார். இத்தனை அடிபட்ட பிறகும் தன்னை வைத்துக்கொள்ள லீக்கில் அணிகள் கிடைத்தன என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அவருடைய மதிப்பீடு 17.9 என்கிறார்களே, அது என்ன எண்?

எறிபவர் மதிப்பீடு என்று ஒரு சூத்திரம். எத்தனை எறிதல் சேர்ந்தது, ஒரு எறிதலுக்கு எத்தனை கெஜம், எத்தனை டச் டவுன், எத்தனை இடைமறிப்பு என்ற நான்கையும் கலந்து ஓர் எண் தரும். உச்சம் 158.3, அடி 0. ஏன் 158.3 என்று கேட்காதீர்கள். சூத்திரம் அப்படி.

இதில் ஒரு வேடிக்கை. ஓர் ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் வேண்டுமென்றே தரையில் அடித்தால்கூட 39.6 கிடைக்கும், இடைமறிப்பு இல்லாததற்கான மதிப்பு அது. ஆக, சார்ஜர்ஸுக்கு எதிராக பீட்டர்மன் ஒவ்வொரு பந்தையும் தன் காலடியில் போட்டுக்கொண்டிருந்தால் 17.9ஐப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கியிருப்பார்.

முழுப் பூஜ்யம் வாங்கியவர் உண்டா?

மேலே சொன்ன 2018 ரேவன்ஸ் ஆட்டத்தில் பீட்டர்மனுக்கு பூஜ்யம்தான். ஆனால் அறிமுகத்திலேயே பூஜ்யம் என்றால் நினைவுக்கு வருவது கெண்டல் ஹின்டன். அவரைக் குறை சொல்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவேன்.

2020 நவம்பர், கொரோனா காலம். டென்வர் பிராங்கோஸ் அணியின் குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரான ஜெஃப் டிரிஸ்கலுக்குத் தொற்று உறுதியானது. அவரோடு ஒரே அறையில் முகக்கவசத்தைச் சரியாக அணியாமல் இருந்ததால் ட்ரூ லாக், பிரெட் ரிப்பியன், பிளேக் போர்ட்டில்ஸ் ஆகிய மூவரும் ஆடக்கூடாது என்று சனிக்கிழமை முடிவாயிற்று. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. பயிற்சியாளர் குழுவில் இருந்த ஒருவரை ஆடவைக்கலாமா என்று அணி கேட்டது, லீக் மறுத்துவிட்டது. கடைசியில் அகப்பட்டவர் ஹின்டன். பயிற்சி அணியில் இருந்த பந்து பிடிப்பவர் அவர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியிருந்தார், கடைசி ஆண்டில் அதையும் விட்டுவிட்டுப் பந்து பிடிக்கப் போனவர். எந்தச் சுற்றிலும் எந்த அணியும் தேர்ந்தெடுக்காதவர்.

மிருதங்கக்காரர் வரவில்லை என்று, எப்போதோ சிறுவயதில் வாசித்த பாடகரையே உட்காரவைத்துக் கச்சேரி நடத்தினால் எப்படி இருக்கும்? நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 31, டென்வர் 3. ஹின்டன் 9 முறை எறிந்து 1 சேர்த்தார். 13 கெஜம், 2 இடைமறிப்பு. அந்த ஒரு பந்தைப் பிடித்தவர் நோவா ஃபேன்ட்.

எண்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஒரு நாள் அவகாசத்தில், தொலைக்காட்சியில் நாடே பார்க்க, முகம் சுளிக்காமல் போய் நின்றாரே, அதைச் செய்ய இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்? நகர்வுகளின் பெயரை எழுதி அன்று அவர் கையில் கட்டியிருந்த பட்டை ஒஹாயோவின் கேன்டனில் உள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ் அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவரும் அடுத்த இரண்டு சீசன்களில் டென்வருக்காகத் தன் சொந்த வேலையான பந்து பிடிப்பதையே செய்தார்.

குவார்ட்டர்பேக் அல்லாதவர் இப்படி ஆடியது அதுதான் முதல் முறையா?

இல்லை. 1965இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் ஜானி யுனைட்டஸ், அவருக்கு மாற்றான கேரி குவோஸோ என இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயப்பட்டார்கள். ஓடும் ஆட்டக்காரர் டாம் மேட்டி இறங்கினார். ஒஹாயோ ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்தான், ஆனாலும் அது பழங்கதை. அவரும் கையில் ஒரு பட்டை கட்டி அதில் நகர்வுகளை எழுதிக்கொண்டார். அந்தப் பட்டையும் கேன்டனில்தான் இருக்கிறது. சீசனின் கடைசி ஆட்டத்தில் ராம்ஸை வென்றார்கள். அடுத்து கிரீன் பே பேக்கர்ஸோடு பிளே ஆஃப், கூடுதல் நேரத்தில் 13-10 என்று தோற்றார்கள்.

மேட்டிக்குக் கிடைத்தது பல நாள் பயிற்சியும், அவருக்கேற்ப ஆட்டத்தையே மாற்றி எழுதிய டான் ஷூலா என்ற பயிற்சியாளரும். அவரை அதிகம் எறியச் சொல்லவே இல்லை. ஹின்டனுக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை மாலை.

இடைமறிப்பே இல்லாமலும் முதல் ஆட்டம் கெட்டுப்போகுமா?

டேன் ஆர்லோவ்ஸ்கியைக் கேளுங்கள். 2008 அக்டோபர் 12, டெட்ராய்ட் லயன்ஸுக்காக அவர் தொடங்கிய முதல் ஆட்டம், மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக. தன் அணியின் எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கிறார். ஜாரெட் ஆலன் விரட்டி வருகிறார். ஆர்லோவ்ஸ்கி பக்கவாட்டில் ஓடுகிறார், ஓடிக்கொண்டே இருக்கிறார். மைதானத்தின் பின்கோட்டைத் தாண்டியே போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. நடுவர் ஊதிய பிறகும் எறிய இடம் தேடிக்கொண்டிருந்தார். எதிரணிக்கு இலவசமாக 2 புள்ளி.

ஆட்டம் 12-10 என்று முடிந்தது. அதே இரண்டு புள்ளி.

அந்த ஆண்டு லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. மற்றபடி அன்று அவர் மோசமாக ஆடவில்லை என்பதுதான் கொடுமை. பிற்பாடு தொலைக்காட்சி விமர்சகராகி, மற்றவர்களின் தவறுகளை அலசிப் பிழைக்கிறார். தன் பின்கோட்டு ஓட்டத்தைத் தானே சொல்லிச் சிரிக்கவும் செய்கிறார்.

முதல் ஆட்டமே பிளே ஆஃப் என்றால்?

கானர் குக். 2016 சீசனில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் 12 வெற்றி 4 தோல்வி என்று அமர்க்களமாக ஆடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் டெரெக் கார் காலை முறித்துக்கொண்டார். அடுத்த வாரமே இரண்டாமவர் மேட் மெக்லோயினுக்குத் தோளில் காயம். பட்ட காலிலே படும் என்பது இதுதான். மூன்றாமவரான குக்கின் தலையில் பொறுப்பு விழுந்தது. 2017 ஜனவரி 7, ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் மைதானம். சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டி தொடங்கிய பிறகு, வாழ்வில் தொடங்கும் முதல் ஆட்டமே பிளே ஆஃப் ஆட்டமாக அமைந்த முதல் குவார்ட்டர்பேக் அவர். 45 எறிதலில் 18, மூன்று இடைமறிப்பு, 27-14 தோல்வி. அதன் பிறகு என்எஃப்எல்லில் அவர் வேறு எந்த ஆட்டத்தையும் தொடங்கவில்லை.

மூன்றாம் ஆளாக இருந்து ஒரு வாரத்தில் பிளே ஆஃப் மேடைக்கு ஏற்றப்பட்டவர் 45 முறை எறிய வேண்டியிருந்தது. எனக்கு அந்த 18ஐ விட இந்த 45தான் உறுத்துகிறது.

ஐந்து இடைமறிப்பு வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா?

2009இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் கீத் நல். வெஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற சிறிய கல்லூரி அணியிலிருந்து ஆறாம் சுற்றில் வந்தவர். முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டத்தில் டென்னசி டைட்டன்ஸிடம் ஐந்து இடைமறிப்பு, 47-7 தோல்வி. ராம்ஸ் அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டம்தான் வென்றது என்பதால் யாரும் பெரிதாக அதிரவில்லை.

ஒரே ஆட்டத்தில் அதிகமான இடைமறிப்பு என்றால் 8. 1950இல் சிகாகோ கார்டினல்ஸின் ஜிம் ஹார்டி கொடுத்தது. அது அவருடைய முதல் ஆட்டம் அல்ல, ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே அதே ஹார்டி ஆறு டச் டவுன் எறிந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதெல்லாம் பழைய கதை. அண்மையில்?

2023ஐப் பாருங்கள். அக்டோபர் 1 அன்று கிளீவ்லாந்து பிரவுன்ஸின் டெஷான் வாட்சன் தோள் வலியால் ஆட முடியவில்லை. புதுமுகம் டோரியன் தாம்சன் ராபின்சனுக்கு அன்று காலைதான் விஷயம் உறுதியாயிற்று. ரேவன்ஸிடம் மூன்று இடைமறிப்பு, 28-3 தோல்வி. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் அவரைப் பார்த்து மயங்கியவர்கள் பலர். அந்த ஆட்டங்களில் எதிரே நிற்பவர்களில் பலரும் இரண்டாம் வரிசைக்காரர்கள் என்பது அன்று நினைவுக்கு வந்திருக்கும்.

நவம்பர் 5 இன்னும் சுவையானது. அரிசோனா கார்டினல்ஸ் தன் குவார்ட்டர்பேக் ஜாஷுவா டாப்ஸை ஐந்து நாள் முன்னதாக மின்னசோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்திருந்தது. கைலர் மர்ரே முழங்கால் காயத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. இடையில் அகப்பட்ட ஒரு வாரத்துக்கு புதுமுகம் கிளேட்டன் டியூனைக் கிளீவ்லாந்துக்கு எதிராக இறக்கினார்கள். அவர் 7 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார், 2 இடைமறிப்பு, அணி மொத்தமாக முன்னேறியது 58 கெஜம். 27-0 தோல்வி.

அதே நாள் அட்லாண்டாவில் மின்னசோட்டாவின் புதுமுகம் ஜாரன் ஹால் தலையில் அடிபட்டு வெளியேறினார். உள்ளே வந்தவர் யார்? ஐந்து நாள் முன் வந்து சேர்ந்த அதே டாப்ஸ். புதிய அணியின் நகர்வுகளும் தெரியாது, சக ஆட்டக்காரர் பலரின் பெயரும் தெரியாது. ரேடியோவில் பயிற்சியாளர் சொல்லச் சொல்ல ஆடி 31-28 என்று வென்றுவிட்டார். பயிற்சி இல்லாததுதான் காரணம் என்று மேலே இவ்வளவு நேரம் வாதாடியவன் நான். டாப்ஸ் என் வாதத்தில் ஓட்டை போடுகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த சீசனிலேயே அரிசோனாவுக்காக எட்டு ஆட்டம் தொடங்கி அடிபட்டுப் பழகிய கை அது. டியூனுக்கு இல்லாமல் போனது அந்த எட்டு ஆட்டம்.

அப்படியானால் அனுபவசாலி ஒருவரையே இரண்டாம் ஆளாக வைத்துக்கொள்ளலாமே?

வைத்தவர்கள் பலன் கண்டிருக்கிறார்கள். 1972இல் மயாமி டால்பின்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வென்ற சீசனில், பாப் கிரீஸி கால் முறிந்து உட்கார்ந்த பின் பெரும்பாலான ஆட்டங்களைத் தொடங்கியவர் 38 வயது ஏர்ல் மோரல். மேலே சொன்ன பிரவுன்ஸும் 2023 கடைசியில் வீட்டில் இருந்த ஜோ ஃபிளாக்கோவை அழைத்து வந்தது. அவருக்கும் வயது 38. முதல் ஆட்டம் தோற்று, அடுத்த நான்கையும் வென்று பிளே ஆஃப்புக்குள் கொண்டு போனார்.

தடை பணம். ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. முதல் குவார்ட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால், இரண்டாமவருக்கு மலிவான இளைஞரைத் தேடத்தான் தோன்றும். ஆட வாய்ப்பே வராது என்ற நம்பிக்கையில் வாங்கும் காப்பீடு அது.

மோசமாகத் தொடங்கி மேலே வந்தவர் யாராவது உண்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1955இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஓர் இளைஞரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் உள்ளூர் அணி ஒன்றில் ஆட்டத்துக்கு 6 டாலர் வாங்கிக்கொண்டு ஆடினார். அடுத்த ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் சேர்த்துக்கொண்டது, மாற்று ஆளாக. 1956 அக்டோபரில் முதல் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷாவுக்குச் சிகாகோ பேர்ஸுக்கு எதிராகக் கால் முறிந்தது. உள்ளே போன இளைஞரின் அன்றைய முதல் எறிதலை ஜே. சி. கரோலின் இடைமறித்து நேராக டச் டவுனுக்கு ஓடினார். அடுத்த முறை பந்தை ஓடுபவரிடம் கொடுக்கும்போதே தவறவிட்டார், அதையும் எதிரணி எடுத்துக்கொண்டது. 58-27 தோல்வி.

அந்த இளைஞர்தான் ஜானி யுனைட்டஸ். 1958 இறுதிப் போட்டியில் நியூயார்க் ஜயன்ட்ஸைக் கூடுதல் நேரத்தில் வென்று இந்த விளையாட்டையே தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தவர்களில் முதல் பெயர். தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுன் எறிந்த அவருடைய சாதனை 2012 வரை நின்றது. அக்டோபர் ஞாயிறு ஒன்றை மட்டும் வைத்து பால்டிமோரும் அவரை அனுப்பியிருந்தால்? ஷாவின் கால் முறிந்திருந்ததால் அனுப்ப வழியில்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

பிரெட் ஃபார்வ் இன்னொருவர். 1991இல் அட்லாண்டா ஃபால்கன்ஸின் மாற்று ஆள். முதல் எறிதல் இடைமறிக்கப்பட்டு டச் டவுனாயிற்று. அந்த சீசன் முழுக்க 4 எறிந்தார்: ஒன்றும் சேரவில்லை, இரண்டு எதிரணிக்குப் போயிற்று. கிரீன் பே போன பிறகும் அவர் முதன்முதலாகச் "சேர்த்த" பந்து, எதிரணியின் கையில் பட்டுத் திரும்பி வந்து அவரே பிடித்தது. 7 கெஜம் நட்டம். அதற்குப் பிறகு தொடர்ந்து 297 ஆட்டங்களைத் தொடங்கினார், மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

டாம் பிராடி? 2000ஆம் ஆண்டு நன்றி நாளில் கொஞ்ச நேரம் இறங்கி 3 எறிதலில் 1, ஆறு கெஜம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

யுனைட்டஸின் முதல் நாளையும் பீட்டர்மனின் முதல் நாளையும் பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்தால், யார் எந்தப் பக்கம் போவார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியும் என்பவர்கள் பின்னால் நடந்ததைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

மூன்றாம் ஆளை வைத்துக்கொள்ள விதி இருக்கிறதா?

இப்போது இருக்கிறது. 2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக, சூப்பர் பௌலுக்கு முந்தைய அரையிறுதி போன்ற ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டிக்கு முழங்கையில் காயம், அடுத்து வந்த ஜாஷ் ஜான்சனுக்குத் தலையில் அடி. எறிய முடியாத கையோடு பர்டியே திரும்ப நிற்க வேண்டியதாயிற்று. 31-7 தோல்வி. அந்த மே மாதமே, அவசரத்துக்கு மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரைத் தயாராக வைத்துக்கொள்ளும் பழைய விதியை லீக் மீட்டெடுத்தது. முதல் இருவரும் காயத்தாலோ நடுவரின் வெளியேற்றத்தாலோ ஆட முடியாமல் போனால்தான் அவர் வரலாம். சரியாக ஆடவில்லை என்று மாற்றுவதற்கு அவரைப் பயன்படுத்த முடியாது.

இந்த ஞாயிறு எங்கள் அணியில் புதிய ஆள். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சில நகர்வுகளை நம்ப வேண்டாம். பல பயிற்சியாளர்கள் முதல் 15 நகர்வுகள்வரை முன்கூட்டியே எழுதி வைத்து, வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருப்பார்கள். அந்தப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் அவர் சொந்தமாக ஆடத் தொடங்குவார். அப்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு நொடிவரை பந்து வராமல் கிடந்தால், எதிரே நிற்பதை அவரால் இன்னும் படிக்க முடியவில்லை. முன்வரிசையின் விளிம்பில் நிற்பவர் எத்தனை முறை ஏமாறுகிறார் என்று எண்ணுங்கள். பயிற்சியாளர் அவரை எத்தனை முறை எறியச் சொல்கிறார் என்றும் எண்ணுங்கள், 45ஐத் தொட்டால் திட்ட வேண்டிய ஆள் வேறு. முதல் இடைமறிப்பு விழுந்ததும் அந்தப் பந்தை மறந்துவிட்டு, அவர் அடுத்து எறியும் பந்தைப் பாருங்கள்: நடு மைதானத்துக்குப் போகிறதா, இல்லை பயந்து ஓரமாய் இரண்டு கெஜத்துக்குப் போகிறதா என்று.